பிறந்தபோது 10 சென்ட், செத்தபோது இரண்டரை டாலர்: இரண்டு சூப்பர்மேன் இதழ்களின் விலைக்கதை

என் மேசை மேல் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் உறை கிடக்கிறது. நடுவில் சூப்பர்மேனின் 'எஸ்' முத்திரை, ரத்தம் வழிகிற மாதிரி சிவப்பில். 1992 நவம்பர் 18 அன்று அமெரிக்கக் கடைகளில் இறங்கிய 'சூப்பர்மேன்' 75-ஆம் இதழ் அது. சூப்பர்மேன் சாகிற இதழ். அன்றைக்கு விலை இரண்டரை டாலர். நான் இணையத்தில் பன்னிரண்டு டாலருக்கு வாங்கினேன், உறை பிரிக்காத பிரதி. இங்கே வந்து சேர ஆன தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிட்டது.

2026 ஜனவரியில் அதே சூப்பர்மேன் பிறந்த இதழ், அதாவது 1938-இல் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி, 1.5 கோடி டாலருக்குக் கைமாறியது. நம் பணத்தில் சுமார் 135 கோடி ரூபாய். அதற்கு முன் எந்தக் காமிக்ஸ் புத்தகத்துக்கும் அவ்வளவு விலை கிடைத்ததில்லை.

ஒரே நாயகன். இரண்டுமே மடித்துப் பின் அடித்த காகிதம். பிறப்பு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் சாவும்; சொல்லப்போனால் சூப்பர்மேன் செத்த செய்திதான் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது, பிறந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. 'அது பழசு, இது புதுசு' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் 1938-இல் வெளிவந்து இன்று சீந்துவார் இல்லாத காமிக்ஸ்களும் உண்டு. இந்த இரண்டு இதழ்களின் விலை எப்படி நகர்ந்தது என்று பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால், காமிக்ஸ் சந்தை எதற்குக் காசு கொடுக்கிறது என்பது ஓரளவு பிடிபடும்.

பத்து சென்ட் புத்தகம்

கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பத்திரிகைப் படியேறி இறங்கினார்கள். கடைசியில் 13 பக்கக் கதை, பக்கத்துக்கு 10 டாலர் என்று 130 டாலருக்கு உரிமையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வேறு வேலைகளுக்கான கூலியும் சேர்த்து 412 டாலருக்கு எழுதப்பட்ட அந்தக் காசோலை 2012-இல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1,60,000 டாலர். படைப்பாளிகளுக்குப் போய்ச் சேர்ந்த கூலியை விட, கூலி கொடுத்த சீட்டுக்கு விலை அதிகம். இந்தச் சந்தையின் குணம் இந்த ஒரு சம்பவத்திலேயே தெரிந்துவிடுகிறது.

1938 ஏப்ரலில் இதழ் விற்பனைக்கு வந்தது. அட்டையில் ஜூன் என்று போட்டிருக்கும். அச்சிட்டது சுமார் 2 லட்சம் பிரதிகள். பையன்கள் 10 சென்ட் கொடுத்து வாங்கினார்கள், படித்தார்கள், சுருட்டிப் பின்பாக்கெட்டில் செருகினார்கள், பக்கத்து வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் உலகப்போர் வந்தது. போர்த் தேவைக்காக வீடுவீடாகப் பழைய காகிதம் திரட்டியபோது மூட்டை மூட்டையாகக் காமிக்ஸும் போனது. மிச்சத்தை அம்மாக்கள் பார்த்துக்கொண்டார்கள். நம் ஊரில் 1972-இல் சிவகாசியிலிருந்து வர ஆரம்பித்த முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்கள் எத்தனை பரீட்சை லீவில் பழைய பேப்பர்காரர் தராசில் ஏறியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அமெரிக்க அம்மாக்களைக் குறை சொல்லத் தோன்றாது.

2 லட்சத்தில் இன்று இருப்பதாகத் தெரிவது சுமார் நூறு பிரதிகள். அவற்றிலும் பல கிழிசல், பல ஒட்டுப் போட்டவை.

1970-இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் காமிக்ஸ்களுக்கான விலைக் கையேடு ஒன்றை வெளியிட்டார். வருடம் ஒருமுறை வரும் அந்தக் கையேடுதான் 'எது எவ்வளவு' என்பதற்கு ஒரு பொதுப் பேச்சை உண்டாக்கியது. 1973-இல் ஒருவர் 'ஆக்‌ஷன்' முதல் இதழுக்கு 1,801 டாலர் கொடுத்தார். ஒரு காமிக்ஸுக்கு இவ்வளவா என்று அது செய்தியானது. 1991-இல் சாதபிஸ் ஏல நிறுவனம், ஓவியங்களுக்கும் நகைகளுக்கும் நடுவே, முதல் முறையாகக் காமிக்ஸை ஏலம் விட்டது. பேட்மேன் முதலில் தோன்றிய 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆம் இதழ் 55,000 டாலருக்குப் போனது. இந்த 1991-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கறுப்பு உறையின் கதைக்கு வேண்டியிருக்கும்.

இனி விலை ஏற்றத்தை ஒரே ஒரு பிரதியை வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. காரணம், வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கிற பொருளுக்குச் 'சராசரி விலை' என்று பேசுவதே அபத்தம். போன வருடம் விற்றது கிழிந்த பிரதி, இந்த வருடம் விற்றது புத்தம்புது மாதிரி என்றால் அது விலையேற்றம் இல்லை, பொருளே வேறு. ஒரே பிரதி மறுபடி மறுபடி விற்கும்போதுதான் சந்தை நகர்ந்ததா என்று சொல்ல முடியும். அதற்கு வாகான பிரதி ஒன்று இருக்கிறது: நடிகர் நிக்கோலஸ் கேஜ் வைத்திருந்தது.

கேஜ் சாதாரண ரசிகர் இல்லை. மகனுக்கே 'கால்-எல்' என்று சூப்பர்மேனின் பிறப்புப் பெயரை வைத்தவர். 1990களின் பிற்பாதியில் 1.5 லட்சம் டாலருக்கு அந்தப் பிரதியை வாங்கினார். 2000-இல் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டிலிருந்து அது திருடு போனது. பதினோரு வருடம் ஆளரவமே இல்லை. 2011-இல் தெற்குக் கலிபோர்னியாவில் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு வாடகைச் சேமிப்பறையின் சாமான்களை மொத்தமாக வாங்கிய ஒருவருக்கு, அதற்குள் இது கிடைத்தது. புத்தகம் கேஜிடம் திரும்பி வந்தது. அதே வருடம் நவம்பரில் ஏலத்தில் 21.6 லட்சம் டாலருக்கு விற்றது. ஒரு காமிக்ஸ் 20 லட்சத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. திருடன் மட்டும் கை வைக்காமல் இருந்திருந்தால் இடையில் 4 லட்சத்துக்கோ 5 லட்சத்துக்கோ கேஜ் அதை விற்றிருக்கலாம். திருட்டு அவரைக் கட்டாய முதலீட்டாளராக்கிவிட்டது. 2026-இல் 1.5 கோடிக்குப் போனதும் இதே பிரதிதான்.

கேஜ் தவிக்கிற அந்தப் பதினோரு வருடத்தில் சந்தையில் நடந்த பெரிய மாற்றம், சிஜிசி. 2000-இல் தொடங்கிய இந்த நிறுவனம் காமிக்ஸைப் பரிசோதித்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகிறது. சேகரிப்பாளர்கள் அதை ஸ்லாப் என்கிறார்கள். மேலே ஒரு பட்டி: இதழ் எண், மதிப்பெண், காகிதம் வெள்ளையாக இருக்கிறதா பழுப்பேறிவிட்டதா என்ற குறிப்பு. நீல நிறப் பட்டி என்றால் கை வைக்காத பிரதி. ஊதா என்றால் ஒட்டியோ வண்ணம் பூசியோ சரிசெய்தது, விலை அப்படியே சரியும். முன்பெல்லாம் விற்பவர் 'நல்ல கண்டிஷன்' என்பார், வாங்குபவர் 'எங்கே, மூலை மழுங்கியிருக்கிறதே' என்பார். பேரத்தில் பாதி நேரம் அதிலேயே போகும். ஸ்லாப் வந்த பிறகு புத்தகத்தைத் தொட்டுப் பார்க்காமலே லட்சக்கணக்கில் கொடுக்கிற ஆட்கள் வந்தார்கள். காமிக்ஸ் தெரியாத பணமும் உள்ளே வர வழி திறந்தது. படிக்க முடியாது என்பது தனி விஷயம். அந்த விலைக்கு வாங்குகிறவர் படிக்கவா வாங்குகிறார்?

2010 பிப்ரவரியில் 8.0 மதிப்பெண் 'ஆக்‌ஷன்' முதல் இதழ் 10 லட்சம் டாலரைத் தொட்டது. அடுத்த மாதமே 8.5 பிரதி 15 லட்சம். 2014-இல் வெள்ளைக் காகிதத்தோடு இருந்த ஒரு 9.0 பிரதி, மேற்கு வர்ஜீனியாவில் தேவதாருப் பெட்டிக்குள் பல வருடம் கிடந்தது, ஈபேயில் 32 லட்சத்துக்குப் போனது. 2021-இல் ஒரு 8.5 பிரதி 32.5 லட்சம். 2022 ஜனவரியில் ஒரு 6.0 பிரதி 31.8 லட்சம். 2024 ஏப்ரலில் இன்னொரு 8.5, 60 லட்சம்.

இந்த வரிசையில் 2014-ஐயும் 2022-ஐயும் திரும்பப் பாருங்கள். விலை கிட்டத்தட்ட அதேதான், மேலோட்டமாகப் பார்த்தால் எட்டு வருடம் சந்தை தூங்கியது மாதிரி இருக்கும். ஆனால் 2014-இல் அந்தப் பணத்துக்கு உலகத்திலேயே சிறந்த இரண்டு பிரதிகளில் ஒன்று கிடைத்தது. 2022-இல் கிடைத்தது நடுத்தரப் பிரதி. தலைப்புச் செய்தியின் தொகையைப் பார்க்காமல், அந்தத் தொகைக்கு எந்த மதிப்பெண் கிடைத்தது என்று பார்த்தால்தான் விலையேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

சரி, 21.6 லட்சம் 1.5 கோடி ஆனது எவ்வளவு லாபம்? பதினான்கு வருடத்தில் ஏழு மடங்கு, வருடத்துக்கு 14-15 சதவீதம். பிரமாதம்தான். அதே பதினான்கு வருடம் அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிப் பங்குகளின் எஸ் அண்ட் பி குறியீட்டில் பணத்தைப் போட்டு, டிவிடெண்டையும் திருப்பிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தவருக்கும் ஏறக்குறைய அதே ஏழு மடங்குதான். காப்பீடு, பாதுகாப்புப் பெட்டகம், இடைத்தரகர் கமிஷன் எதுவும் அவருக்குக் கிடையாது. உலகின் விலை உயர்ந்த காமிக்ஸ், உலக சாதனை விலைக்கு விற்ற நாளிலும், ஒரு சாதாரண குறியீட்டு நிதியோடு சமனில்தான் நிற்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 1.5 கோடி திறந்த ஏலத்தில் வந்த விலை இல்லை. வாங்கியவர், விற்றவர் பெயர் வெளிவராத தனி ஒப்பந்தம். விலையை அறிவித்தது விற்றுக்கொடுத்த நிறுவனம். அதைவிட 2025 நவம்பரில் ஹெரிடேஜ் ஏலத்தில் 'சூப்பர்மேன்' முதல் இதழ் (1939) வாங்கிய 91.2 லட்சம் எனக்குக் கெட்டியான எண்ணாகப் படுகிறது, பல பேர் போட்டி போட்டு ஏற்றியது. அதுவும் அம்மா வீட்டுப் பரணில், பழைய செய்தித்தாளுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் மகன்கள் கண்டெடுத்த பிரதி.

இரண்டரை டாலர் புத்தகம்

சூப்பர்மேனைக் கொல்ல வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. 1992-இல் கிளார்க்குக்கும் (சாதாரண மனிதனாக வாழும்போது சூப்பர்மேனின் பெயர்) அவன் காதலி லோயிஸுக்கும் கல்யாணம் நடத்துவதாக இருந்தது. அந்த நேரத்தில் இருவரையும் வைத்துத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று தயாராக, கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி மேலிருந்து உத்தரவு. ஒரு வருடக் கதையைத் தூக்கிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த எழுத்தாளர் கூட்டத்தில் ஜெர்ரி ஆர்ட்வே வழக்கமாக அடிக்கும் ஜோக் ஒன்று உண்டு: 'பேசாமல் ஆளைக் கொன்றுவிடுவோம்.' இந்தத் தடவை யாரும் சிரித்துவிட்டு விடவில்லை.

இதழ் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய இதழ்களில் பக்கத்துக்கு நான்கு கட்டம், அடுத்து மூன்று, அடுத்து இரண்டு என்று குறைத்துக்கொண்டே வந்து, 75-இல் ஒவ்வொரு பக்கமும் ஒரே படம். சாவு நெருங்க நெருங்கப் படம் பெரிதாகிறது. இதழை எழுதி வரைந்த டான் ஜர்கென்ஸ் யோசித்துச் செய்த வேலை. ஆனால் அன்று வரிசையில் நின்றவர்களில் பலர் அதைப் பிரித்துப் பார்க்கவே போவதில்லை. உறைக்குள் கதையோடு ஒரு கறுப்புக் கைப்பட்டை, இரங்கல் செய்தி போட்ட பத்திரிகைத் துணுக்கு, போஸ்டர், ஸ்டாம்புத் தாள், ஒரு அட்டை எல்லாம் உண்டு. உறையைக் கிழித்தால் 'மின்ட்', அதாவது புத்தம்புது நிலை, போய்விடும் என்று பயம். படிக்க ஒன்று, பத்திரப்படுத்த ஒன்று, விற்க ஒன்று என்று மூன்று மூன்றாக வாங்கினார்கள். காமிக்ஸ் வாசனையே தெரியாதவர்களும் பேரப்பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகுமே என்று வாங்கி வைத்தார்கள். அதே வாரத்தில் சில இடங்களில் 20, 30 டாலருக்குக் கைமாறியது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 1991 சாதபிஸ் ஏலத்திலிருந்து, அதைப் போன்ற செய்திகளிலிருந்து. பத்து சென்ட் புத்தகம் 55,000 டாலர் என்று பேப்பரில் படித்தவர் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார். நடுவில் ஐம்பது வருடம் குப்பைக்குப் போன லட்சம் பிரதிகளை விட்டுவிட்டார். அதே 1991-இல் 'விஸார்ட்' என்ற மாத இதழ் தொடங்கியது. ஓவர்ஸ்ட்ரீட் வருடத்துக்கு ஒருமுறை சொன்ன விலையை இது மாதாமாதம் சொன்னது. போன மாதம் வந்த புத்தகம் இந்த மாதம் இரட்டிப்பு என்று அம்புக்குறி போட்டால் கை சும்மா இருக்குமா? அதே வருடம் மார்வெலின் 'எக்ஸ்-மென்' புதிய முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு வந்து 80 லட்சத்தைத் தாண்டியது. அமெரிக்கக் காமிக்ஸ் வாசகர்களின் மொத்த எண்ணிக்கையே அவ்வளவு இல்லை.

சூப்பர்மேன் 75, எல்லாப் பதிப்பும் சேர்த்து, சுமார் 60 லட்சம் பிரதிகள். இங்கே 'விற்றது' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 1970களிலிருந்து அமெரிக்கக் காமிக்ஸ் கடைகள் நேரடியாக, கூடுதல் கழிவுக்கு வாங்க ஆரம்பித்திருந்தன. பதிலுக்கு ஒரே நிபந்தனை: விற்காததைத் திருப்பித் தர முடியாது. பெட்டிக்கடையில் மீந்த வார இதழை ஏஜென்ட் எடுத்துக்கொண்டு போவது மாதிரி இல்லை இது. எனவே கடைக்காரர் ஆர்டர் போட்டாலே பதிப்பாளர் கணக்கில் விற்றதுதான். வாசகர் வாங்கினாரா, கடையின் பின்னறையில் அடுக்கியிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

அது தெரிந்தது 1993-இல். செத்த சூப்பர்மேன் திரும்பி வருவதற்கு முன்னோட்டமாக 'அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்' 500-ஆம் இதழ் வந்தது, இந்தத் தடவை வெள்ளை உறையில். போன தடவை போதாமல் போனதே என்று கடைக்காரர்கள் கடன் வாங்கிக்கூட ஆர்டர் போட்டார்கள். கூட்டம் வரவில்லை. செத்தவன் ஆறே மாதத்தில் திரும்பி வருகிறான் என்றால் என் கறுப்பு உறைக்கு என்ன மதிப்பு என்று வாங்கியவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். கட்டுக்கட்டாக வெள்ளை உறைகள் தேங்கின. திருப்பித் தர முடியாது, பில் மட்டும் வந்து நிற்கிறது. அடுத்த சில வருடங்களில் ஆயிரக்கணக்கான கடைகள் மூடின. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு போட்டது. அதற்குக் கடன் வாங்கிக் கம்பெனிகளை வாங்கிக் குவித்த முதலாளித்தனமும் காரணம்தான், காமிக்ஸ் சரிவு மட்டும் இல்லை.

கறுப்பு உறையின் விலை அதன் பிறகு எழவே இல்லை. இரண்டரை டாலர் 1992 பணம், இன்றைய மதிப்பில் ஆறு டாலர் பக்கம் வரும். நான் கொடுத்த பன்னிரண்டோடு ஒப்பிட்டால் விலைவாசியைக் கொஞ்சம் முந்தியிருக்கிறது, அவ்வளவுதான். சிஜிசிக்கு அனுப்பி உயர்ந்த மதிப்பெண் வாங்கலாம். ஆனால் அதே மதிப்பெண்ணோடு ஆயிரக்கணக்கான பிரதிகள் ஏற்கெனவே ஸ்லாபில் உட்கார்ந்திருக்கின்றன. கட்டணமும் தபாலும் போக மிஞ்சுவது சொற்பம்.

ஆனால் இதே 75-ஆம் இதழுக்குப் பிளாட்டினம் பதிப்பு என்று ஒன்று உண்டு. கடைக்காரர்களுக்காக மட்டும் கொஞ்சமாக அச்சிட்டது. அதே கதை, அதே பக்கங்கள். அது இன்று சில நூறு டாலர் போகிறது. கதைக்கோ வயதுக்கோ விலை என்றால் இந்த வித்தியாசம் வரக் கூடாது.

மறுபடியும் ஒரு சுற்று

2020-இல் கொரோனா. வீட்டில் அடைபட்ட மனிதர்கள், கையில் அரசு கொடுத்த உதவித்தொகை, பழைய பொருள்கள் மேல் திடீர் பாசம். காமிக்ஸ், விளையாட்டு அட்டை, வீடியோ கேம் எல்லாமே ஏறின. 2021-இல் சிஜிசியின் தாய் நிறுவனத்தில் பெரும்பங்கை பிளாக்ஸ்டோன் என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் வாங்கியது. முதலீட்டு உலகம் காமிக்ஸை அல்ல, காமிக்ஸுக்கு மதிப்பெண் போடுகிறவரை வாங்கியது, அது எனக்குப் புத்திசாலித்தனமாகவே படுகிறது. அதே வருடம் செப்டம்பரில் ஸ்பைடர்மேன் முதலில் வந்த 'அமேசிங் ஃபேன்டஸி' 15-ஆம் இதழ், 9.6 மதிப்பெண், 36 லட்சம் டாலருக்குப் போய் அன்றைய சாதனையானது.

2022-க்குப் பிறகு காற்று இறங்கியது. அடி வாங்கியது நடுத்தட்டு. 'இந்தக் கதாபாத்திரம் படத்தில் வரப் போகிறதாம்' என்ற ஒரு வதந்திக்கு ஏறிய புத்தகங்கள், படம் வந்ததும், சில படம் வராமலே போனதும் விழுந்தன. 'அமேசிங் ஃபேன்டஸி' 15-இன் சாதாரண மதிப்பெண் பிரதிகளே கணிசமாகச் சரிந்தன. 1962-இல் வந்த அது நல்ல புத்தகம்தான், ஆனால் 'ஆக்‌ஷன்' மாதிரி அரிதானது இல்லை, ஆயிரக்கணக்கில் இருக்கிறது. உச்சியில் இருப்பவையோ 60 லட்சம், 91 லட்சம், 1.5 கோடி என்று தனி வழியில் போய்க்கொண்டிருந்தன. இதற்கு நடுவே 2024 தொடக்கத்தில் ஸ்லாபையே திறந்து புத்தகத்தை மாற்றி வைத்து ஏமாற்றிய விவகாரம் வெளியானது. பெட்டியை நம்பிக் காசு கொடுத்த சந்தைக்கு அது சங்கடமான செய்தி.

ஆகவே 'காமிக்ஸ் விலை ஏறுகிறதா இறங்குகிறதா' என்று மொத்தமாக ஒருவர் கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன், எந்தப் புத்தகம் என்று திருப்பிக் கேட்பேன். 1938-இல் அதை யாரும் சேகரிக்கவில்லை என்பதால்தான் இன்று நூறு பிரதிக்கு இத்தனை போட்டி. 1992-இல் எல்லோரும் சேகரித்துவிட்டார்கள். அறுபது லட்சம் பிரதி அச்சாகி, எல்லோரும் அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பொருளை இன்னொரு ஆளுக்கு என்ன விலை சொல்லி விற்பது?

இதை எழுதி முடிக்கும் முன் கத்தரிக்கோல் எடுத்து உறையை வெட்டினேன். முப்பது வருடக் காற்று, பழைய மைவாசனையோடு. கைப்பட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் ஒரே படம் என்பதால் படிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைசிப் படம் நீளமாக மடித்து வைத்திருக்கிறது. அதை விரிக்கும்போது மடிப்பு ஓரத்தில் லேசாகக் கோடு விழுந்தது. பன்னிரண்டு டாலர் இப்போது எட்டு டாலர் ஆகியிருக்கும்.